ஜிமிக்கி உட்கார்ந்திருக்கிறாள்

"ஸ்டே" என்று சொல்லிவிட்டு வடிவு திரும்பி நடந்தாள். பின்னால் பார்க்கக் கூடாது, பார்த்தால் அந்தப் பார்வையே போதும், கூப்பிடுவதாக நினைத்து ஜிமிக்கி எழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, பூட்ஸ் சத்தம் சீராக விழும்படி, இந்தத் தரையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி, கூடத்தின் அந்தக் கோடியில் இருந்த பெரிய தூணை நோக்கி நடந்தாள். தரையா இது. புதுக் கலெக்டர் அலுவலகத்தின் கீழ்க்கூடம் முழுவதும் கறுப்புக் கிரானைட் பதித்துப் பாலிஷ் போட்டிருந்தார்கள். கூரையில் தொங்கிய விளக்குகளெல்லாம் தரைக்குள்ளும் தொங்கின. அவள் காலுக்கடியில் இன்னொரு வடிவு, அதே காக்கி, அதே கொண்டை, தலைகீழாக நடந்து வந்தாள். அவளும் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பாவம். பூட்ஸ் போட்ட மனுஷிக்கே இப்படி என்றால் நாலும் வெறுங்காலாக இருக்கிற ஒரு ஜீவனுக்கு எப்படி இருக்கும், குளத்துத் தண்ணீர் மேல் உட்காரச் சொன்ன மாதிரிதானே இருக்கும். தூணைச் சுற்றி மறுபக்கம் போய் முதுகைச் சாய்த்தாள். கல்லின் குளிர் சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது. இனி ஜிமிக்கியின் கண்ணுக்கு அவள் தெரியமாட்டாள், அவள் கண்ணுக்கும் ஜிமிக்கி தெரியமாட்டாள். இன்ஸ்பெக்டர் ஞானதிரவியம் மட்டும் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் வரும்போதே சொல்லிவிட்டார். "இங்க பாரு வடிவு, நான் போதும்னு சொல்லுத வரைக்கும் அது உக்காந்த எடத்துல உக்காந்திருக்கணும். நீ அது கண்ணுல படக்கூடாது, கொரலும் குடுக்கக்கூடாது. இருந்துச்சுன்னா திறப்பு விழாவுல மோப்ப டூட்டி உங்க ரெண்டு பேருக்கும்தான். எந்திரிச்சு வந்துச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. பளபளன்னு தரையைப் பாத்தா பதறுத நாயை வச்சுக்கிட்டு நான் எங்கம்மா போய் வெடிகுண்டு தேட? இப்ப கட்டுத கட்டடமெல்லாம் பளபளன்னுதான கட்டுதான்." அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வேலையிலிருந்து எடுத்துவிட்டால் ஜிமிக்கியை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், எங்கேயாவது தோப்புக் காவலுக்குச் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள், அவள் மூக்கு இருக்கிற இருப்புக்குத் தேங்காயை மோந்துகொண்டு கிடப்பாள். மாவட்ட நாய்ப் பிரிவின் ஒரே பெண் என்று பேப்பரில் படம் வந்த காவலர் சுடலைவடிவு மறுபடியும் ஸ்டேஷன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் என்ன விஷயம், என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

உட்கார்ந்திருப்பாளா? உட்கார்ந்துதான் இருப்பாள், விட்டுவிட்டு வந்து எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் எழுந்து ஓடிவருவது மட்டும்தான் பயமா என்ன. வழவழப்பான தரையில் நாய் உட்கார்ந்தால் அது தானாகப் போகும், பஸ்ஸில் தூங்குகிற ஆள் சீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிற மாதிரி முன்னங்கால் இரண்டும் முன்னால் போகும், முதலில் தெரியவே தெரியாது, நகம் ஊன்றப் பார்க்கும், நகத்துக்கு என்ன பிடி இருக்கிறது, இன்னும் போகும், கடைசியில் நெஞ்சு தரையில் தட்டும்போதுதான் நாய்க்கே தெரியும் நான் படுத்திருக்கிறேன் என்று. அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லையே, நீ சொன்னபடிதானே இருந்தேன், இந்தப் பூமிதானே என்னை இழுத்துக்கொண்டு போனது என்கிற முகம். வடிவுக்கு அந்த முகத்தை முதன்முதலில் பார்த்த இடம் கண்ணுக்குள் வந்தது, வரக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததும் வந்துவிட்டது. ஒரு புதுக் கல்யாண மண்டபம், மந்திரி வரப்போகிறார் என்று முன்கூட்டியே சோதனை போடப் போனார்கள். வெள்ளைப் பளிங்குத் தரை. ஜிமிக்கி வாசலில் ஜம்மென்றுதான் நுழைந்தாள், சந்தன நிறத்து உடம்பும் ஆடுகிற காதும், அந்தக் காதுகளுக்காகத்தான் அந்தப் பெயரே, மேளக்காரர்கள்கூட வாசிப்பை நிறுத்திப் பார்த்தார்கள், அவ்வளவு மிடுக்கு. மணமேடைக்கு அருகில் போகும்போது பின்னங்கால் ஒன்று நழுவியது. அதைப் பிடிக்கப் போய் இன்னொன்று. அப்புறம் நாலு காலும் நாலு திசைக்குப் போக, மேசை விரிப்பை உதறிப் போட்ட மாதிரி விரிந்து, தாடை தரையில் டொக்கென்று இடிக்க, ஜிமிக்கி அப்படியே கிடந்தாள். சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், வேறு யாருடைய நாயாவது விழுந்திருந்தால் வடிவுமே சிரித்திருப்பாள். ஒருவன் கைபேசியில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினான். அன்றிலிருந்து ஜிமிக்கி பளபளப்பு எதைக் கண்டாலும் வாசலிலேயே நின்றாள். டீக்கடையின் டைல்ஸ் படி, ஆஸ்பத்திரித் தாழ்வாரம், மழை பெய்து காயாத தார் ரோடுகூட. முன்னங்காலை ஒன்று நீட்டித் தொடுவாள், சுட்ட மாதிரி எடுத்துக்கொள்வாள், வடிவைப் பார்ப்பாள். நீ வேண்டுமானால் போய்விட்டு வா, நான் இங்கே இருக்கிறேன் என்பது போல.

அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் புருஷன் ஆவுடையப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான். ஆவுடையப்பனுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. "அப்படிப் பாத்தா குத்தம் எம்மேலதான் ஏட்டி," என்றான். "ஊரு பூராம் நாந்தான வழவழன்னு ஒட்டி வச்சிருக்கேன். முந்தி சிமெண்டுத் தரையா இருக்கும்போது எந்த நாயி விழுந்துச்சு?" சொன்னதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து போகிற வேலையில் எல்லாம் மிஞ்சுகிற டைல்ஸைக் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டு, நாய்க் கொட்டடிக்குப் பின்னால் இருந்த சும்மாக் கிடந்த இடத்தில் ஒட்ட ஆரம்பித்தான். ஒரு வீட்டுப் பூஜை அறையில் மிஞ்சிய தாமரைப்பூ, ஒரு நகைக்கடையில் மிஞ்சிய கண்ணாடி வெள்ளை, யாரோ குளியலறைக்கு வாங்கி வேண்டாம் என்று சொன்ன நீலம், மீன் படம் போட்ட ஒன்று. பார்த்தால் சிரிப்பாக இருக்கும், பழைய புடவைகளையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை மாதிரி. ஆனால் வழுக்குவதில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஒட்டி முடித்த அன்று அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றி, கையும் முட்டியும் ஊன்றி நாய் மாதிரி நின்றான். "என்னங்க செய்யுதிய?" "சும்மா இரு. எந்தக் காலு மொதல்ல போவுதுன்னு பாக்கேன்." அடுத்த நொடி அவன் தாடையும் தாமரைப்பூவும் முட்டிக்கொண்டன. ஜிமிக்கி கொட்டடிக் கதவுக்குள்ளிருந்து இதைப் பார்த்தாள், காதுகள் இரண்டும் முன்னால் வந்தன, வாலை ஆட்டினாள், மண்டபத்தில் விழுந்ததற்கப்புறம் அவள் வாலை அப்படி ஆட்டி வடிவு பார்த்தது அன்றைக்குத்தான். வடிவு சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போதும் சிரிப்பு வந்தது, தூணுக்குப் பின்னால், சீருடையில், பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மூக்கு வழியாகக் கொஞ்சம் வெளியே போய்விட்டது. ஜிமிக்கிக்கு அது கேட்டிருக்குமா? மூக்கு அளவுக்கு இல்லாவிட்டாலும் காதும் காதுதானே. சிரிக்கிறாள், பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு எழுந்துவிட்டால்?

கூடத்துக்குள் சத்தம் எதுவும் இல்லை. எங்கேயோ மாடியில் நாற்காலிகளை இழுத்தார்கள். வெளியே யாரோ மணல் சலித்தார்கள். பின்னங்காலைச் சேர்த்து வைத்திருப்பாளா, அதுதான் எல்லாம். பயிற்சி நாட்களில் முழங்கையை ஊன்றி அந்த டைல்ஸ் தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, வடிவு அந்தக் கால்களைப் பார்த்த பார்வைக்கு அவளுக்கு இப்போது கண்ணை மூடினாலும் ஒவ்வொரு விரலும் தெரியும். முன்பெல்லாம் ஜிமிக்கி சோம்பேறித்தனமாக இடுப்பை ஒருக்களித்து, பின்னங்கால்களை அகட்டிப் போட்டு உட்காருவாள். பாரமெல்லாம் முன்னால் வரும். முன்னால் வந்த பாரம் வழுக்கும். பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து ஒடுக்கி, சப்பணம் போட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தால் வழுக்காது, வழுக்கினாலும் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தையும் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். இதை எப்படி நாய்க்குச் சொல்வது? மாட்டுத் தொழுவத்தில் போடுகிற ரப்பர் பாய் ஒன்றை வாங்கிப் போட்டு முதலில் அதன்மேல் உட்கார வைத்தாள். காலை ஒடுக்கினால் ஒரு துண்டு அவித்த ஈரல். அகட்டினால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. ஜிமிக்கிக்கு ஈரல் மொழி சீக்கிரம் புரியும். அப்புறம் பாயை வெட்டினாள். ஒரு பக்கம் ஒரு முழம் போனது, அடுத்த பக்கம் ஒரு சாண். பாய் தட்டு அளவாயிற்று, கைக்குட்டை அளவாயிற்று, கடைசியில் ஒரு வெற்றிலை அளவுக்கு வந்து நின்றது, ஜிமிக்கி அதன்மேல் ஒரே ஒரு முன்னங்காலை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றும் நகைக்கடை வெள்ளையில் இருக்க, தன் வீட்டு முற்றத்தில் இருப்பவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வெற்றிலையையும் எடுத்த நாளில் அவள் அதைத் தேடினாள். மோந்துகொண்டே சுற்றினாள். அது இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள், ரப்பர் வாசனை இருந்திருக்கும், வடிவை ஒரு பார்வை பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், நாய் பெருமூச்சு விடாது என்று சொல்கிறவர்களை அன்றைக்குக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும், அந்த வெறும் இடத்தில் உட்கார்ந்தாள். காலை ஒடுக்கி. வடிவு கையில் இருந்த ஈரல் முழுவதையும் கொடுத்துவிட்டாள். விரல்களுக்கு நடுவில் முளைக்கிற முடிதான் வழுக்குகிறது என்று ஆவுடையப்பனின் மீசைக் கத்தரியை எடுத்து அதையும் வெட்டி விட்டாள், அவன் விஷயம் தெரியாமல் அந்தக் கத்தரியால் மீசையைத் திருத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, எல்லா நாயும் எம்பின்னாலயே வருதே என்ன காரணம் என்று கேட்டான்.

வாளிச் சத்தம். தூணின் இந்தப் பக்கத்திலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், கையில் துடைப்பான், இன்னொரு கையில் தண்ணீர் வாளி. துப்புரவு வேலைக்காரி, சட்டையில் செண்பகக்கனி என்று அட்டை குத்தியிருந்தது. தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற போலீஸ்காரியைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வடிவு உதட்டில் விரலை வைத்தாள். செண்பகக்கனி மிரண்டுபோய்த் தலையாட்டிவிட்டு, கள்ளனைப் பிடிக்கப்போகிறார்கள்போல என்று நினைத்திருக்க வேண்டும், பதுங்கிப் பதுங்கிக் கூடத்துக்குள் போனாள். போனவள் சத்தமாகவே சொன்னாள்: "எம்மா, இது நாயா பொம்மையா!" பொம்மையா என்று கேட்டால் அசையாமல் இருக்கிறாள். உட்கார்ந்தபடியா படுத்தபடியா, அதைச் சொல்லம்மா தாயே. செண்பகக்கனி அதைச் சொல்லவில்லை. "சார், தண்ணி விடணும், இத அந்தால கொண்டுபோவ முடியுமா?" என்றாள். இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "நீங்க பாட்டுக்கு விடுங்கம்மா. சுத்தி நல்லா விடுங்க." பாவி மனுஷன், என்று வடிவு உள்ளுக்குள் கத்தினாள். கிரானைட்டில் தண்ணீரா! ஆனால் விழா நாளில் ஒருவன் தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிவிடத்தான் செய்வான், ஒருத்தி பன்னீர்ச் செம்பைக் கொட்டத்தான் செய்வாள், அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, எல்லாவற்றிலும் இந்த மனுஷனுக்கு நியாயம் இருக்கிறது. தண்ணீர் சரசரவென்று தரையில் பரவுகிற சத்தம். துடைப்பான் சதக் சதக்கென்று நெருங்கியது, நின்றது, திரும்பவும் நெருங்கியது. இப்போது ஜிமிக்கியின் கால்களுக்கு அடியில் ஈரம் போயிருக்கும். குளிரும். அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்காது, குளிப்பாட்டும்போது வாளியைப் பார்த்தாலே ஜீப்புக்கு அடியில் போய்விடுவாள். போய்விடுவாளோ? அப்போது கேட்டது. டிக். ஒரே ஒரு நகச் சத்தம். வடிவு மூச்சை நிறுத்தினாள். எழுந்தால் ஒரு டிக் வராது, டக டக டகவென்று நாலு கால் சத்தம் வரும். படுத்தால் டிக் வராது, தொப்பென்று வரும். ஒற்றை டிக் என்றால் என்ன? அதற்கு ஒன்றே ஒன்றுதான் அர்த்தம். வழுக்கிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டிக். அது இடது பின்னங்கால், இடதில்தான் ஒரு நகம் நீளம். கண்ணால் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டாள். போகிறது, இழுத்துக்கொள்கிறாள். போகிறது, இழுத்துக்கொள்கிறாள். என் கண்ணே. என் சர்க்கரைக்கட்டி.

யாருக்காக இழுத்துக்கொள்கிறாள், எனக்காகவா, இல்லை நான் பக்கத்தில் இல்லாததால்தான் அவளால் முடிகிறதா என்று ஒரு கேள்வி வந்து கொக்கி மாதிரி மாட்டியது. அவள் அதைக் கேட்கவே கூடாது என்று வைத்திருந்தாள். பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் சொல்லுவார், கையில் வாரைப் பிடித்திருக்கிறவரின் பயம் வார் வழியாக நாய்க்குள் இறங்கும் என்று. நடுவில் வடிவு காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் கூட வேலை பார்க்கிற மாசானமுத்துதான் ஜிமிக்கியை டைல்ஸில் உட்கார வைத்திருந்தான். அவள் திரும்பி வந்ததும் சந்தோஷமாகச் சொன்னான், அக்கா, நீங்க இல்லாதப்ப அருமையா இருந்துச்சுக்கா, கல்லு மாதிரி. அவன் நல்லதாகத்தான் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்புப் போடாமல் வைத்தாள். "என்னட்டி, வாயே தொறக்க மாட்டேங்க?" என்று ஆவுடையப்பன் கேட்க, "நான் இல்லாட்டி அவ நல்லா இருக்காளாம்" என்று சொல்லிக் குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உப்பில்லாக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான். "நல்லதுதான அது? நீ மட்டும் நான் வேலை செய்யுத எடத்துல வந்து இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னுபாரு. எனக்கே கோடு கோணிரும். நீ வீட்டுல இருக்கேன்னு நெனச்சாத்தான் எனக்குக் கை நேரா நிக்கும்." அப்போது அது சமாதானமாக இருந்தது. இப்போது தூணுக்குப் பின்னால் நிற்கும்போது மறுபடியும் சந்தேகமாக இருந்தது. ஒரு மூலையில், மிகச் சின்ன மூலையில், ஜிமிக்கி எழுந்து தன்னைத் தேடி வரட்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது, எல்லாம் கெட்டுப்போனாலும் பரவாயில்லை, என்னைத் தேடினாளே என்று ஆகட்டும் என்று. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தோப்புச் சங்கிலியை நினைத்துக்கொண்டாள். எழாதே. எழாதே. டிக். சரி, எழவில்லை. எழாததில் சந்தோஷமும் இருந்தது, எங்கோ ஒரு முள்ளும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததால் எது எது என்று பிரிக்க முடியவில்லை.

அப்போது வாசல் பக்கம் ஒரு குரல், "சார், டீ" என்றது, அதே மூச்சில் "அய்யய்யோ" என்றது. எவர்சில்வர் தட்டும் தம்ளர்களும் கிரானைட்டில் விழுந்த சத்தம் அந்தக் காலிக் கூடம் முழுக்க உருண்டு, கூரையில் முட்டி, திரும்பி வந்து, ஒரு தம்ளர் மட்டும் நிற்காமல் சுழன்று சுழன்று மெலிந்துகொண்டே போனது. வடிவு தூணை இரண்டு கையாலும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். இதற்கு எழாத நாய் எந்த உலகத்தில் இருக்கிறது. மண்டபத்தில் தாடை இடித்த சத்தமும் இதே சத்தம்தான். தண்ணீர் ஓடிய தரையில் எதுவோ உருண்டு வந்து அவள் பூட்ஸில் முட்டி விழுந்தது, குனிந்து பார்த்தாள், ஒரு வெண்ணெய் பிஸ்கட். அவள் காலுக்கு ஒன்று வந்திருக்கிறது என்றால் ஜிமிக்கி காலுக்கு எத்தனை வந்திருக்கும்? சாமி, வெண்ணெய் பிஸ்கட்டா கொண்டுவர வேண்டும், இந்த ஊரில் வேறு பிஸ்கட்டே இல்லையா? டக டகவுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. தொப்புக்காகக் காத்திருந்தாள். தம்ளரும் ஓய்ந்துவிட்டது. அந்த அமைதியில் செண்பகக்கனியின் குரல் மட்டும், யாரிடமோ கோள் சொல்கிற மாதிரி வந்தது. "இங்க பாருங்கய்யா, மூக்குக்கு முன்னாலயே பிஸ்கோத்து கெடக்கு. எச்சி ஒழுகுது. இந்தா, சொட்டுச் சொட்டா விழுது. தொட மாட்டேங்கே! நம்ம வீட்டுல இருக்கதுங்க எல்லாம் இருக்கே..." டிக், என்றது கிரானைட். வடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முள் எங்கே போனது என்று தெரியவில்லை. மார்பு முழுக்க என்னவோ பொங்கி, கை விரல் நுனிவரை வந்து, அந்தக் கல் தூணையே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் போல இருந்தது. யாருக்காக இருந்தால் என்ன. உட்கார்ந்திருக்கிறாள். அவள், அவளே உட்கார்ந்திருக்கிறாள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆவுடையப்பன் எங்கேயோ ஒரு வீட்டில் கோடு கோணாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

"போதும் வடிவு, வா" என்றார் இன்ஸ்பெக்டர். வடிவு பாய்ந்தாள். எப்படி நடக்க வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று, சீரான சத்தமும் இல்லை விறைப்பான கழுத்தும் இல்லை, தூணைச் சுற்றி ஒரே எட்டு, அடுத்த எட்டு செண்பகக்கனி விட்ட தண்ணீரில் விழுந்தது. பூட்ஸ் முன்னால் போனது, உடம்பு பின்னால் தங்கியது, கூரை விளக்குகள் தலைக்கு மேலே ஒரு தடவை அரைவட்டம் அடித்தன, அப்புறம் அவள் மல்லாந்து கிடந்தாள். தொப்பி தனியாகத் தரையில் சறுக்கிக்கொண்டு போய் ஜிமிக்கியின் முன்னங்காலில் மோதி நின்றது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் ஈரக் கல். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது ஜிமிக்கி ஒரு பெரிய கோபுரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து, பின்னங்கால்களை ஒடுக்கி, சுற்றிலும் பிஸ்கட், முன்னால் தொப்பி, தரைக்குள் இன்னொரு ஜிமிக்கி. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வால் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசிறியடித்தது. கண் இரண்டும் வடிவின் மேல். விழுந்து கிடக்கிறாளே, விழுந்து கிடக்கிறாளே, போகட்டுமா, போகட்டுமா என்று அந்தக் கண்கள் கத்தின. ஆனால் வடிவு இன்னும் வா என்று சொல்லவில்லை, முன்னங்கால் ஒரு அங்குலம் வழுக்கியது, ஜிமிக்கி அதை இழுத்துக்கொண்டாள். "அடி பட்டிருக்காம்மா? வடிவு! பேசு!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், அவர் காலும் ஒரு மாதிரியாகப் போக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். "ஏ வடிவு, அழுதியா சிரிக்கியா?" அவளுக்கே தெரிந்தால்தானே சொல்ல. முழங்கை எரிந்தது, முதுகெல்லாம் தண்ணீர், வா என்று சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது, அடக்கிக்கொண்டு திறந்தால் அதைவிடப் பெரிய சிரிப்பு வந்தது, வ்... என்று ஆரம்பித்து மூச்சு முட்டியது. அவ்வளவு நேரமும் ஜிமிக்கி உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் எந்த உயிரும் தன் ஒரு சொல்லுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை என்று வடிவுக்குத் தோன்றியது, தோன்றியதும் சிரிப்பு ஒரு நொடி நின்றது, அந்த ஒரு நொடிக்குள் சொன்னாள்: "வா!"

முதலில் கால்கள் மட்டும்தான் ஓடின. நாலு காலும் அதே இடத்தில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓட, உடம்பு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் பிடி கிடைத்து, அம்பு மாதிரிப் புறப்பட்டு, பாதி தூரத்தில் பின்பாகம் முன்பாகத்தை முந்திக்கொண்டு, பக்கவாட்டில் சறுக்கி வந்து, வடிவை எட்டிப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் முகத்தில் ஒரே ஒரு நக்கு நக்கிவிட்டு அவளைத் தாண்டிப் போய்ச் செண்பகக்கனியின் வாளியில் மோதினாள். வாளி கவிழ்ந்தது. ஜிமிக்கி விரிந்து கிடந்தாள், நாலு காலும் நாலு திசையில். வடிவுக்கு உயிரே நின்றுவிட்டது, போச்சு, இத்தனையும் போச்சு, மறுபடியும் மண்டபம், இனி வாசலை விட்டு உள்ளே வரமாட்டாள். ஜிமிக்கி தலையைத் தூக்கினாள். தரையைப் பார்த்தாள். தான் வந்த வழியை, அந்த நீளமான ஈரக் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். காதுகள் இரண்டும் மெல்ல முன்னால் வந்தன. காலை ஒடுக்கி எழுந்தாள், ஒரு உதறு உதறினாள், வடிவிடம் வரவில்லை, எதிர்ப்பக்கமாகக் கூடத்தின் கோடிவரை குடுகுடுவென்று போனாள், அங்கே திரும்பி நின்றாள், ஒரு கணம் குனிந்து பின்பாகத்தைத் தூக்கி வாலை ஆட்டினாள், ஓடிவந்தாள், நடுவில் வேண்டுமென்றே, ஆமாம் வேண்டுமென்றேதான், நாலு காலையும் ஊன்றி நிறுத்தி, தண்ணீரில் சர்ரென்று சறுக்கிக்கொண்டு, காதுகள் பின்னால் பறக்க, வாயை அகலத் திறந்துகொண்டு, இன்ஸ்பெக்டரின் நாற்காலியைத் தாண்டி, டீக்காரரைத் தாண்டிப் போனாள். "ஏய் ஏய், பிடிங்கம்மா அத!" என்று டீக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். செண்பகக்கனி துடைப்பானைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். ஜிமிக்கி மறுபடியும் கோடிக்கு ஓடினாள், மறுபடியும் திரும்பினாள். வடிவு எழுந்து உட்கார்ந்து வாய்க்குள் இரண்டு விரலை வைத்தாள், விசிலடித்து நிறுத்தத்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விடாமலே கையைக் காட்டினார். "விடும்மா, விடு. இன்னொரு ரவுண்டு போவட்டும். திறப்பு விழாவுக்கு முன்னால தரை நல்லாப் பழகட்டும்." அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜிமிக்கி புறப்பட்டுவிட்டாள், இந்தத் தடவை நேராக அவளை நோக்கி, வடிவு ஈரத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் விரித்தாள், ஜிமிக்கி சறுக்கிக்கொண்டு வந்தாள்.